சிவப்பு வைத்த ஆணி

எனக்குச் சந்தேக புத்தி பிறவியிலேயே உண்டு. கடையில் வாங்கிய துவரம்பருப்பைக் கிளறி முகர்ந்து பார்க்காமல் பானையில் கொட்ட மாட்டேன். யாராவது காரணமில்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தால், இவர்களுக்கு இப்போது நம்மிடம் என்ன வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் வைக்கிற சாம்பாரில் கல் இருக்கும்.

அப்படிப்பட்ட நான், என் வீட்டுக்காரரை மட்டும் கல்யாணமாகிப் பல வருஷம் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட அவரிடம் எதுவும் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, பேச்சும் கிடையாது. ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் ஒரு சைக்கிள் கடையில் கூலிக்கு இருந்தவர், எழுபதுகளின் நடுவில் சொந்தமாகப் பஞ்சர் கடை போட்டார். ஒரகடத்துப் பக்கம் வடக்குப்பட்டுக்குத் திரும்பும் இடத்தில், ரோட்டோரப் புறம்போக்கில், ஒரு புங்க மரத்தடியில் ஓலைக் கொட்டகை. முன்பக்கம் கடை, தடுப்புக்குப் பின்னால் எங்கள் குடித்தனம். வாடகைக்கு விட நாலைந்து பழைய சைக்கிள்கள் இருந்தன. மட்கார்டில் சிவப்புப் பெயிண்டால் நம்பர் போட்டிருந்தோம். வாடகை சைக்கிள் என் பொறுப்பு, பஞ்சர் அவர் பொறுப்பு. எங்கள் பெண் பிள்ளைகள் இரண்டு பேரும் நடந்துபோகிற தூரத்தில் இருந்த பள்ளிக்கூடத்தில் படித்தார்கள்.

அந்த ரோட்டில் அப்போது பஸ் எப்போதாவதுதான் வரும். நாள் முழுக்க ஓடியது மாட்டு வண்டியும் சைக்கிளும்தான். பக்கத்தில் ஒரு செங்கல் சூளை இருந்தது. அங்கிருந்து வரும் வண்டிக்காரர்களும், அந்த மாடுகளுக்கு லாடம் அடிக்க வருகிறவரும், சைக்கிளில் கேன் கட்டிப் போகும் பால்காரரும் எங்கள் மர நிழலில் ஒதுங்கிவிட்டுத்தான் போவார்கள். கடை போட்ட ஒரு வருஷம் வரை எல்லாரும் எங்களுக்கு வேண்டியவர்களாக இருந்தார்கள்.

முதலில் ஆரம்பித்தது பால்காரர்தான். ஊர் ஊராகப் பால் வாங்கி ஸ்ரீபெரும்புதூரில் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். கொஞ்சம் தாமதமானாலும் பால் திரிந்துவிடும், வாங்க மாட்டார்கள். அன்றைக்கு அந்த மாதத்தில் எத்தனையாவது தடவையோ அவருக்குப் பஞ்சர். சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"யோவ், எத்தினி வருசமா இந்த ரோட்ல போய் வந்துகினு கீறேன். நீ கடை போட்டதுக்கப்பறம்தான்யா இப்பிடி ஆவுது. இன்னா சமாச்சாரம்?"

இவர் டயரைக் கழற்ற ஆரம்பித்தார். நான் சும்மா இருப்பேனா?

"ஆஸ்பத்திரில நோயாளி நெறைய கீறான்னா, டாக்டரா நோயப் பரப்பிவுட்டாரு? இந்த எடத்துல நெறைய பேரு சைக்கிளத் தள்ளிகினு போறதப் பாத்துட்டுத்தான் இவரு இங்க கடையே போட்டாரு. மொதல்ல பஞ்சரு, அப்பறம்தான் கடை. மாத்திப் பேசாத."

"சரிக்கா, அப்பிடியே வெச்சிக்குவோம்" என்றார் பால்காரர். மர நிழலில் உட்கார்ந்திருந்த வண்டிக்காரர்கள் பக்கம் திரும்பி, "ஞாயித்துக்கெழம இவங்க மாதா கோயில் பூசைக்குப் போயிட்றாங்க. கடை சாத்திக் கீது. அன்னிக்கி எவனுக்காச்சும் இங்க பஞ்சர் ஆயிகீதா? ஒருத்தன் சொல்லுங்க பாக்கலாம்" என்றார்.

யாரும் சொல்லவில்லை.

அந்தப் பேச்சு ஊருக்குள் போனது. டீக்கடையில் சொன்னார்கள், ஏரிக்கரையில் சொன்னார்கள். என் பெண்ணிடம் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, "உங்கப்பாதான் ஆணி போட்றாராமே" என்று கேட்டிருக்கிறாள். கடைசியில் பஞ்சாயத்துத் தலைவர் ஆள் அனுப்பினார். அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசப்போகிறார்கள், குற்றம் உறுதியானால் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று தகவல். புறம்போக்கில் இருப்பவனுக்கு நாக்கு ஏது? கொட்டகை போனால் மெட்ராசுக்குப் போய்க் கூலி வேலைதான், பிள்ளைகள் படிப்பும் அதோடு சரி. அதைவிட, ஆணி போட்டுப் பிழைத்தவன் பெண்டாட்டி என்ற பெயரோடு போக வேண்டும். அதை நினைத்தால்தான் எரிச்சலாக வந்தது.

ஆனால் எரிச்சலுக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை. முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, இரண்டாவதற்கு இல்லை. அடுத்த ஞாயிறு தலைவலி என்று சொல்லி அவரையும் பிள்ளைகளையும் மட்டும் பூசைக்கு அனுப்பிவிட்டு, சாத்திய கடைக்குள் உட்கார்ந்து ஓலை இடுக்கு வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சைக்கிள்கள் போயின, வந்தன. ஒருவர் கூட இறங்கித் தள்ளவில்லை. இவர் ரோட்டில் இல்லாத நாளில் ஆணியும் ரோட்டில் இல்லை. என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்த்த பார்வையே வேறு. முன்பு அடக்கமாகத் தெரிந்த மௌனம் இப்போது கள்ள மௌனமாகத் தெரிந்தது. செய்யாதவனாக இருந்தால் ஒரு தடவையாவது கத்தியிருக்க மாட்டானா? பால்காரர் அத்தனை பேசினாரே, சட்டையைப் பிடிக்க வேண்டாம், ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லக் கூடாதா? நான்தான் ஊரோடு மல்லுக்கு நின்றேன். இவர் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்த டப்பா என் கண்ணில் பட்டது. புதிதாக ஒன்றுமில்லை, கடை ஆரம்பித்த நாளிலிருந்து பெஞ்சுக்கு அடியில் இருக்கும் பிஸ்கட் டப்பாதான். டயரிலிருந்து பிடுங்கும் ஆணிகளை அதில் போடுவார். எதையும் தூக்கி எறிய மனசு வராத மனிதர். கிழிந்த டியூபைப் பட்டை பட்டையாக வெட்டி வைப்பார், தேய்ந்த செயினைக் கொடிக்கயிறு கட்ட வைத்துக்கொள்வார். வேலையில்லாத மத்தியான வேளைகளில் வளைந்த ஆணிகளை ஒரு தண்டவாளத் துண்டின் மேல் வைத்துத் தட்டித் தட்டி நேராக்குவார். பஞ்சர் கடையில் ஆணி இருப்பதில் என்ன ஆச்சரியம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அத்தனை நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். டயரிலிருந்து டப்பாவுக்கு வருகிறது என்று நினைத்தால் ஒன்றுமில்லை. டப்பாவிலிருந்து டயருக்குப் போகிறது என்று நினைத்துப் பாருங்கள், அதே டப்பா வேறாகத் தெரியும்.

அதிலும் டப்பா குறைந்திருந்தது. தளும்ப இருந்தது பாதிக்கு இறங்கியிருந்தது.

"இன்னாங்க, டப்பாவுல ஆணி கொறஞ்சிகீதே?"

"கேட்டவங்களுக்குக் குடுத்தேன்" என்றார், தலை நிமிராமல்.

யார் கேட்டார்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஏதாவது ஒரு பேர் சொல்லியிருப்பார். பொய் சொல்ல நினைக்கிறவருக்கு ஊரில் பேருக்கா பஞ்சம்? வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை இது என்று முடிவு செய்துகொண்டேன்.

அவர் டியூபும் சொலுஷனும் வாங்க ஸ்ரீபெரும்புதூர் போன ஒரு காலையில், மட்கார்டுக்கு நம்பர் போட்டு மீந்த சிவப்புப் பெயிண்டை எடுத்தேன். டப்பாவில் நேராக்கி வைத்திருந்த ஆணிகளைச் சாக்கின் மேல் கொட்டி, ஒவ்வொன்றுக்கும் தலைக்குக் கீழே, கழுத்தில், துடைப்பக் குச்சியால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். மேலாகப் பார்த்தால் தெரியாது, திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். காய்ந்ததும் திரும்ப டப்பாவில் போட்டு, மேலே கொஞ்சம் புழுதியைத் தூவி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். இனிமேல் டயரிலிருந்து பிடுங்கும் ஆணியில் சிவப்பு இருந்தால் அது எங்கள் டப்பாவிலிருந்து ரோட்டுக்குப் போன ஆணி. இல்லாவிட்டால் ஊர் வாயில் மண். யாரும் மறுத்துப் பேச முடியாத சாட்சி என்று எனக்கே பெருமையாக இருந்தது.

அதன்பின் ஒவ்வொரு பஞ்சருக்கும் நான் தண்ணீர் பேசினைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போய் நிற்பேன். அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் காற்று முட்டை வருகிறதா என்று பார்ப்பார். நான் அவர் கையில் இருக்கும் ஆணியைப் பார்ப்பேன். வேலிகாத்தான் முள்ளாக இருந்தால் மனசு லேசாகும். பொட்டில்லாத ஆணி வந்தால் இன்னும் லேசாகும். ஆனால் சோறு வடிக்கும்போது மறுபடியும் தோன்றும்: ஒருவேளை பொட்டைக் கண்டுபிடித்துவிட்டு வேறு ஆணி வைத்திருக்கிறாரோ? சந்தேகத்துக்கு ஒருமுறை சோறு போட்டுவிட்டால் அது வாசலை விட்டுப் போகாது.

கூட்டத்துக்கு முந்தின வாரம் பால்காரர் மறுபடியும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. குந்தி உட்கார்ந்து, இவர் கையையே கவனித்துக்கொண்டிருந்தார். நானும் அதையேதான் கவனித்தேன். இவர் டயரைச் சுற்றிலும் தடவிப் பார்த்து, குறடால் ஒரு ஆணியை இழுத்தார். வெளியே வந்ததும் விரலிடுக்கில் வைத்து ஒரு தரம் திருப்பினார்.

கழுத்தில் சிவப்பு இருந்தது.

பேசினில் இருந்த தண்ணீர் தளும்பிப் புடவையை நனைத்தது. அவர் அந்த ஆணியைப் பார்த்தார். பிறகு மரத்தடியில் சாய்த்து வைத்திருந்த வாடகை சைக்கிளின் மட்கார்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா அது? காட்டு" என்றார் பால்காரர்.

இவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"துருப்புடிச்ச ஆணி" என்று சொல்லிப் பால்காரர் எச்சிலைத் துப்பினார். "கூட்டத்துல பேசிக்கிறேன்."

இவர் பஞ்சர் ஒட்டிக் கொடுத்தார். பால்காரருடைய சைக்கிள் கண்ணுக்கு மறைந்தது.

"நம்ம பெயிண்டு" என்றார் அவர்.

"ஆமா. நான்தான் வெச்சேன். டப்பாவுல இருந்த ஆணி ரோட்டுக்கு எப்பிடிப் போச்சி? அத மொதல்ல சொல்லுங்க. புள்ளைங்க மேல சத்தியமா சொல்லுங்க."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். நடிக்கிறாரா, நிஜமாகவே யோசிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"லாடம் அடிக்கிறவரு கேப்பாரு. கையளவு எடுத்துக் குடுப்பேன். அவ்ளோதான். ரோட்டுக்கு எப்பிடிப் போச்சின்னு எனக்குத் தெரியல."

நம்புவேனா நான்? புடவையைப் பிழிந்துகொண்டு அப்படியே சூளைக்கு நடந்தேன். அங்கே ஒரு மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, காலைக் கட்டி, லாடம் அடித்துக்கொண்டிருந்தார் லாடக்காரர். வயசானவர், எப்போதும் இருமுகிறவர். பக்கத்தில் தோல் பை திறந்து கிடந்தது. நான் கேட்காமலே குனிந்து அதற்குள் கையை விட்டேன். ஆணிகள். திருப்பிப் பார்த்தால், பாதிக்கு மேல் என் சிவப்புப் பொட்டு.

"இன்னாம்மா, பைக்குள்ள கைய வுட்ற?"

"இந்த ஆணி ஏது?"

"ஒங்க வூட்டுக்காரரு குடுத்ததுதான். நல்ல மனுசன், நேரா தட்டி வேற குடுப்பாரு. வண்டிக்காரன் எவன் புது ஆணிக்குக் காசு குடுக்கறான்? பழச அடிச்சி வுட்டாத் தார் ரோட்ல நாலு நட நடக்கறதுக்குள்ள கழண்டு வுழுந்துடுது. மறுபடியும் என்னத்தான் கூப்புட்றானுங்க. இன்னா பண்றது?"

"எங்க வுழுது?"

"எங்கன்னு கண்டேன்? அந்தத் திருப்பத்துல மாடு இழுத்துத் திரும்பும் பாரு, அங்கதான் நெறைய வுழும்."

அந்தத் திருப்பம் எங்கள் கடை வாசல். கேட்க இன்னொரு கேள்விதான் மிச்சமிருந்தது.

"ஞாயித்துக்கெழம?"

"சூளை லீவு. வண்டி ஏது? மாடெல்லாம் ஏரில மேஞ்சிகினு கெடக்கும்."

நான் அங்கேயே ஒரு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் கடை சாத்துகிற அதே நாளில் சூளையும் சாத்துகிறது. ஓலை இடுக்கில் கண்ணை வைத்து நான் சைக்கிளைத்தான் பார்த்தேனே தவிர, அன்று ரோட்டில் ஒரு மாட்டு வண்டிகூட இல்லை என்பதைப் பார்க்கவில்லை. இல்லாத ஒன்று எப்படிக் கண்ணில் படும்?

ஆனால் ஊரும் முழுக்கப் பொய் சொல்லவில்லை. லாடத்திலிருந்து விழுந்த ஆணி டயரில் ஏறுகிறது. டயரிலிருந்து எங்கள் டப்பாவுக்கு வருகிறது. இவர் அதைத் தட்டி நேராக்கி அடுத்த மாட்டின் காலுக்கே அனுப்பிவைக்கிறார். அது மறுபடியும் எங்கள் வாசலில் விழுகிறது. கடை வந்த பிறகுதான் பஞ்சர் கூடியது என்று பால்காரர் சொன்னது நிஜம். ஆணி எங்கள் டப்பாவிலிருந்து போனதும் நிஜம். என் வீட்டுக்காரர் செய்த குற்றம், ஒரு ஆணியைக் கூட வீணாக்காமல் இருந்ததுதான்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"தலைவர்கிட்ட சொல்லிட்டு வந்துட்றேன்."

நான் குறுக்கே நின்றேன். "நீங்க 'அது எங்க ஆணிதான்'னு ஆரம்பிப்பீங்க. அதுக்கு மேல ஒரு வார்த்த எவனும் காதுல வாங்க மாட்டான். அன்னிக்கே கொட்டகையப் பிரிச்சிடுவானுங்க."

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். நான் அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு போய், சூளைக்காரர்கள் மண் வெட்டித் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் டப்பாவோடு வீசினேன். வண்டிக்காரர்கள் ஒவ்வொருவரையும் மரத்தடியில் மறித்து, லாடத்துக்குப் புது ஆணி வாங்கிக் கொடுக்காதவனுக்கு இனிமேல் இங்கே நிழலும் கிடையாது, தண்ணீரும் கிடையாது என்று சண்டை பிடித்தேன். இவளுக்கு எதற்கு மாட்டின் கால் மேல் இத்தனை அக்கறை என்று விழித்தார்கள். என் வாய்க்குப் பயந்து வாங்கிக் கொடுத்தார்கள்.

மழையைக் காரணம் சொல்லிக் கூட்டம் சில வாரம் தள்ளிப்போனது. அதற்குள் பஞ்சர் குறைந்துவிட்டது. நன்றாகவே குறைந்தது. கூட்டத்தன்று பால்காரர்தான் முதலில் எழுந்தார்.

"பாத்தீங்களா? நாம கேள்வி கேட்டதுக்கு அப்பறம் பஞ்சரே இல்ல. இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. இவர் என் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார், அடக்கிக்கொண்டேன். தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"தப்பு பண்ணான், கேட்டோம், நிறுத்திகினான். ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வெச்சிகினு கீறான். போனாப் போவுது, கடை இருக்கட்டும்."

கொட்டகை தப்பியது. பிள்ளைகள் படிப்பும் தப்பியது. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு, கையைக் கட்டி நின்றார் என் வீட்டுக்காரர். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. உண்மையை அங்கே போட்டு உடைத்திருந்தால் அவர் பேர் தப்பியிருக்குமா, கொட்டகையும் சேர்ந்து போயிருக்குமா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மறுபடியும் அப்படி ஒரு நாள் வந்தால் நான் அதையேதான் செய்வேன். பெயிண்ட் வைத்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வைக்காமல் இருந்திருந்தால் ஆணி எங்கே போகிறது என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

மறுநாள் காலை முதல் பஞ்சர் வந்தது. எப்போதும் போல் பேசினை எடுத்துக்கொண்டு போனேன். அவர் டயரிலிருந்து ஒரு ஆணியைப் பிடுங்கினார். வழக்கம் போல் பெஞ்சுக்கு அடியில் கையை நீட்டாமல், என் பக்கம் நீட்டினார். நான் உள்ளங்கையைக் காட்டினேன், வைத்தார். முகத்தில் கோபம் இல்லை. அடுத்த பஞ்சருக்கும் அப்படியே. முள்ளாக இருந்தாலும் கண்ணாடிச் சில்லாக இருந்தாலும், பிடுங்கியதும் என் கையில் வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடுவார். நான் அதைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் போட்டுவிட்டு வருவேன்.

டப்பாவைத்தான் நான் தூக்கிப் போட்டுவிட்டேனே, போட இடமில்லாமல் கையில் கொடுக்கிறார் என்று சில நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. அப்படி இல்லையோ என்றும் தோன்றியது. இரண்டில் எது என்று பார்த்துவிட, பெரிய பெண்ணிடம் சொல்லி அனுப்பினேன். அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு மளிகைக் கடையில் கேட்டு ஒரு காலி பிஸ்கட் டப்பா வாங்கி வந்தாள். அதைக் கழுவித் துடைத்து, பழைய டப்பா இருந்த அதே இடத்தில், அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு சைக்கிள் வந்தது. அவர் ஆணியைப் பிடுங்கினார். பெஞ்சுக்கு அடியில் இருந்த புது டப்பாவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

கடை இருந்த வரைக்கும் அந்த டப்பா காலியாகவே இருந்தது.